நோய்க்கும் நிலத்துக்கும் துக்கம் விசாரிப்போம்

மன்ற மலரில் புற்றுநோயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருப்பார்கள். எழுத வேறு பொருளா இல்லை என்பார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் விடுதித் தாழ்வாரத்தில் நின்று நம் தமிழ் மாணவர்களை ஒவ்வொருவராக மெல்லக் கேட்டுப் பாருங்கள். ஒருவருடைய அத்தைக்கு இந்நோய், ஒருவருடைய தாத்தாவுக்கு, ஒருவருக்குப் பள்ளியில் உடன் படித்த தோழனுக்கு. கேட்டால் சொல்வார்கள், கேளாதவரை வாய் திறக்கமாட்டார்கள். அந்த வாய் திறவாமையைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

வாய் திறவாத துயரம் இன்னொன்றும் உண்டு. காலநிலைத் துயர் என்று இக்காலத்தில் அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர்தான் புதிது. பிறந்த ஊரின் மண்ணும் மரமும் நீரும் கண்ணெதிரே கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நெஞ்சில் கனக்கும் துயரம் அது. 2021-ஆம் ஆண்டில், இந்தியா உள்ளிட்ட பத்து நாடுகளில் பதினாறு முதல் இருபத்தைந்து வயது வரை உள்ள பதினாயிரம் இளைஞர்களிடம் ஆராய்ச்சியாளர் சிலர் கேட்டுப் பார்த்தார்கள். காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுகிறோம் என்றவர்கள் நூற்றுக்கு 59 பேர். அந்தக் கவலை தம் அன்றாட வாழ்வையே தாக்குகிறது என்றவர்கள் 45 பேர். உண்பதும் உறங்குவதும் படிப்பதும் தடைப்படுகின்றன என்று பொருள். அந்த வயதில்தானே நாமும் இருக்கிறோம்?

இரண்டையும் ஏன் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்பீர்கள். நான் போட்ட முடிச்சன்று அது. கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறி ஊருக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? அதன் பெட்டிகளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். சன்னல் ஓரத்தில் தலையில் துணி சுற்றிய ஒரு வங்கப் பெண்மணி. மடியில் ஸ்கேன் படங்கள் அடங்கிய நீண்ட பை. பக்கத்தில் ஒன்றும் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் கணவர். வேலூருக்குப் போகிறார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையை நம்பி, இந்த வங்க நாட்டிலிருந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணப்படும் குடும்பங்களுக்குக் கணக்கில்லை. வேலூர்த் தெருக்களில் தங்கும் விடுதிகளின் பெயர்ப் பலகைகள் வங்க எழுத்தில் இருப்பதையும், மீன் குழம்புச் சோறு போடும் உணவகங்கள் வரிசையாக இருப்பதையும் பார்த்தவர்கள் நம்மிலே பலர்.

அதே வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் வேறு சிலர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். சுந்தரவனத்து இளைஞர்கள். 2009-ஆம் ஆண்டு மே 25 அன்று அய்லா புயல் ஆற்றங்கரைகளை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தபோது, வயல்களில் உப்பு நீர் தேங்கிற்று. உப்பேறிய மண்ணில் ஆண்டுக்கணக்கில் நெல் விளையவில்லை. வயலை நம்பியிருந்தவர்கள் நம் நாட்டுக்கு நாற்று நடவும் கட்டட வேலைக்கும் புறப்பட்டார்கள். பின்னர் 2019-இல் புல்புல், 2020-இல் ஆம்பன், 2021-இல் யாஸ். கோராமாரா என்னும் தீவு பாதிக்கு மேல் ஆற்றில் கரைந்துவிட்டது. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் சாகர் தீவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

2023-ஆம் ஆண்டு சூன் 2 அன்று, ஒடிசா மாநிலம் பாலேசுவரம் மாவட்டத்தில் பகாநாகா பஜார் நிலையத்தருகே அந்த வண்டி கவிழ்ந்தது. 290-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சிகிச்சைக்குப் புறப்பட்டவர்களும் பிழைப்புக்குப் புறப்பட்டவர்களும் ஒரே வண்டியில் சிக்கினார்கள். அன்றிரவு நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பாலேசுவரத்து இளைஞர்கள், ஒருவரும் அழைக்காமலே, மருத்துவமனை வாயிலில் குருதி கொடுக்க நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். யார் பெற்ற பிள்ளைக்கு யார் குருதி கொடுத்தார்கள் என்பது இன்றுவரை அவர்களுக்கே தெரியாது.

இனி நம் வழக்கத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சாவு விழுந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தமிழருக்கு ஒருவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அடுப்பு எரியாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கஞ்சி வருகிறது. துக்கம் விசாரிக்க வருவோர்க்குக் கிழமை உண்டு, முறை உண்டு. பதினாறாம் நாள் என்று ஒரு கணக்கு உண்டு. அழுவதற்குக்கூட ஒப்பாரி என்று ஒரு பாட்டு உண்டு. எவ்வளவு பெரிய ஏற்பாடு! ஆனால் சாகாமல், பிழைப்போமா மாட்டோமா என்று இரண்டு ஆண்டுகள் ஊசலாடும் நோயாளி வீட்டுக்கு என்ன முறை? தோப்பு செத்துப்போன வீட்டுக்கு யார் துக்கம் விசாரிக்கப் போகிறார்கள்? அதற்குக் கிழமை எது?

தோப்பு செத்துப்போனது என்று வாய் தவறி எழுதிவிடவில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை ஏறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. தென்னங்கன்று என்றா நாம் சொல்கிறோம்? தென்னம்பிள்ளை என்கிறோம். பிள்ளை என்று பெயர் வைத்து, குடத்தில் நீர் சுமந்து ஊற்றி, அது காய்ப்பதற்கு ஆண்டுகள் பல காத்திருந்தவர்கள், விடிந்தெழுந்து பார்த்தபோது வேரோடு சாய்ந்து கிடந்தது. அதிகாரிகள் மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கெடுத்துப் போனார்கள். இழப்பீடு வேண்டியதுதான். ஆனால் அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து தோப்பு இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அவர் அருகே உட்கார எந்த இலாகாவில் ஆள் இருக்கிறது?

எங்கள் ஊர் அந்தப் பக்கம்தான். ஆகையால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுகிறேன். கஜா அடித்த பின்னர் எங்கள் தெருவில் கூரை நின்ற வீடுகள் இரண்டோ மூன்றோதான். மின்சாரம் வரப் பல வாரங்கள் ஆயின. அதுவரை பள்ளிக்கூடத்து வராந்தாவில் பொது அடுப்பு மூட்டித் தெருப் பெண்களே சமைத்தார்கள். யார் விறகு, யார் தண்ணீர், யார் உலை என்று முறை வைத்துக்கொண்டார்கள். பள்ளிச் சுவரில் கரியால் பெயர்கள் எழுதியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு என் தாயாருக்கு மார்பில் கட்டி கண்டது. புற்றுநோய் என்றார்கள். நான் இங்கே கொல்கத்தாவில்; தந்தையார் உடல் நலிந்தவர். இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை கீமோ மருந்து ஏற்ற வேண்டும், ஆறு முறை. ஒவ்வொரு முறையும் விடியற்காலைப் பேருந்து, நாள் முழுதும் மருத்துவமனை, இரவு திரும்பும்போது வாந்தி. அதன் பிறகு, எங்கள் பக்கத்தில் கரண்டு வைத்தல் என்று சொல்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாளாக ஐந்து வாரம். அதற்கு மருத்துவமனை அருகிலேயே அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தது. யார் உடன் போவது? அந்தப் பழைய அடுப்புக்காரிகளே மறுபடியும் கூடினார்கள். எதிர் வீட்டுப் பெரியம்மா தினசரிக் காலண்டரின் தாள்களைக் கிழித்து, அவற்றின் பின்புறத்தில் முறை எழுதினார். முதல் வாரம் இன்னார், அடுத்த வாரம் இன்னார். எங்கள் சாதிக்காரர்கள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அடுப்புப் பட்டியலிலும் அப்படித்தான். புயல் அந்த வேலியைக் கொஞ்சம் சாய்த்திருந்தது. முழுவதும் சாய்த்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அம்மா நலமாக இருக்கிறார். அது மருத்துவத்தால், காலண்டர்த் தாளால் அன்று. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூட்டுறவே நோயைக் குணப்படுத்திவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆராய்ந்ததில், வாரந்தோறும் குழுவாகக் கூடித் தம் துயரத்தைப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்றார். உலகமே வியந்தது. ஆனால் 2001-இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் செய்த பெரிய சோதனையிலும், 2007-இல் ஸ்பீகலே திரும்பச் செய்த சோதனையிலும் ஆயுள் கூடவில்லை. அப்படியானால் குழுவில் கூடியது வீணா? இல்லை. 2001-ஆம் ஆண்டுச் சோதனையில், குழுவில் இருந்தவர்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தது. மனச் சோர்வு மிகுந்திருந்தவர்கள் தேறினார்கள். ஆயுளை நீட்டுவது மருந்தின் வேலை. இருக்கும் நாளை வாழத் தக்கதாக ஆக்குவது உடன் இருப்பவர்களின் வேலை. இந்தப் பாகுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொண்டால் போலி மருந்து விற்பவனிடம் ஏமாற மாட்டோம்.

போலி மருந்து என்றதும் ஒரு கசப்பு நினைவுக்கு வருகிறது. கூடி வருகிறவர்கள் எல்லாரும் ஆறுதல் தருவதில்லை. அம்மாவைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், எந்தப் பிறவியில் செய்த பாவமோ என்று பெருமூச்சு விட்டார். ஒருவர், மருந்தை நிறுத்திவிட்டு வேர் ஒன்றை அரைத்துக் குடிக்கச் சொன்னார். ஒருவர், இதே நோயில் மாண்ட தம் நாத்தனாரின் கடைசி நாள்களை விளக்கமாக வருணித்தார். ஒரு வீட்டில் அம்மா குடித்த தம்ளரைத் தனியே வைத்தார்கள். புற்றுநோய் தொற்றாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நகரத்துப் படித்தவர்கள் வேறு விதம். தைரியமாக இருங்கள், நேர்மறையாக நினையுங்கள் என்பார்கள். அழுகிறவளைப் பார்த்து அழாதே என்று சொல்வது எளிது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுது முடிக்கும்வரை காத்திருப்பது கடினம். காலநிலைத் துயரிலும் இதே கதைதான். உலகம் அழியப் போகிறது, படித்து என்ன பயன் என்று சோர்ந்து கிடக்கும் மாணவனிடம், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் ஆறுதல் செல்லாக்காசு. அவன் முட்டாள் அல்லன், செய்தித்தாள் படிக்கிறவன்.

அவனுக்கு வேண்டியது என்ன? என் கருத்தில், செய்வதற்கு ஒரு வேலையும், சேர்ந்து செய்ய ஓர் ஆளும். இந்நகரத்தின் வரலாறே அதற்குச் சான்று. 1904-ஆம் ஆண்டில் வங்கத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு மிகுந்தபோது, சுதேசி சமாஜம் என்ற தலைப்பில் இரவீந்திரநாத் தாகூர் ஆற்றிய உரை இங்கே பெரும் விவாதத்தை எழுப்பியது. ஊர் தன் குளத்தைத் தானே வெட்டிக்கொண்ட காலத்தை நினைவூட்டி, சமுதாயம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆற்றலை இழந்துவிடக் கூடாது என்பது அவர் வாதம். 1950-ஆம் ஆண்டு சனவரி 2 அன்று, தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பெயரால் அமைந்த புற்றுநோய் மருத்துவமனையை ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார் இங்கே வந்து திறந்து வைத்தார். ஆறே ஆண்டுகளில் அவரே இரத்தப் புற்றுநோயால் மறைந்தார் என்பது வரலாற்றின் கொடுமை. நம் சென்னையிலோ, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஊர் ஊராய்ப் பணம் திரட்டி, 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை கண்டார்.

மாணவர்களாகிய நமக்கு இவற்றைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று மௌலாலியில் இருக்கிறது. நம்மில் பலர் பேருந்தில் அதைக் கடந்து போகிறோம்; ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஸ்டூடண்ட்ஸ் ஹெல்த் ஹோம் என்று பெயர். காசநோய் மாணவர்களை வாரிக்கொண்டு போன காலத்தில், 1952-இல், மாணவர்களும் இளம் மருத்துவர்களும் கூடித் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு சிறு சந்தா. நூறு பேர் கொடுத்த காசில், நோயுற்ற ஒருவன் வைத்தியம் பெற்றான். நாட்டுப் பிரிவினையின் காயம் ஆறாத, அகதிகள் ரயில் நிலையங்களில் படுத்துக் கிடந்த கல்கத்தாவில், கையில் காசில்லாத பிள்ளைகள் செய்த வேலை அது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், கையில் செல்பேசி வைத்திருக்கும் நமக்குச் செய்ய முடியாதா?

கேரளத்தையும் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதிலிருந்து கிளைத்த இயக்கத்தில், தீராத நோயாளியின் வீட்டுக்கு அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று முறை வைத்துப் போகிறார்கள். ஆட்டோ ஓட்டுபவர், ஆசிரியை, கல்லூரி மாணவன் என்று எல்லாரும் அதில் உண்டு. 2008-இல் அம்மாநில அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. மக்கள் முன்னே நடந்தார்கள். அரசு பின்னே வந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவையெல்லாம் அரசின் கடமை அல்லவா, நாம் தோள் கொடுத்தால் அவர்கள் கைகழுவிவிடுவார்களே என்று. நல்ல கேள்வி. ஆற்றங்கரையை உறுதியாகக் கட்டுவதும், மாவட்டந்தோறும் புற்றுநோய் மருத்துவம் கிடைக்கச் செய்வதும், நிலக்கரிப் புகைக்குக் கணக்குக் கேட்பதும் அரசுகளின் வேலைதான். கேட்க வேண்டிய இடத்தில் உரக்கக் கேட்போம். ஆனால் கீமோ ஏற்றிய இரவில் வாந்தி எடுப்பவளின் நெற்றியைப் பிடிக்க அரசாணை பிறப்பிக்க முடியாது.

மேலும், புயலும் நோயும் தனித்தனி இலாகாக்கள் என்று நினைப்பதே தவறு. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று வந்தவர்களில், சிகிச்சையின் நடுவே பெரும்புயலில் அகப்பட்டவர்களையும் அகப்படாதவர்களையும் ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. புயல் குறுக்கிட்டவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ 19 விழுக்காடு அதிகம். மின்சாரம் போனால் கதிர்வீச்சு எந்திரம் நிற்கிறது. சாலை மறிந்தால் நோயாளி வர முடிவதில்லை. 2020-ஆம் ஆண்டு மே 20 அன்று ஆம்பன் அடித்தபோது இந்நகரத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்தன, கல்லூரித் தெருவில் புத்தகங்கள் நீரில் மிதந்தன, நாள்கணக்கில் விளக்கில்லை. சுந்தரவனத்திலிருந்து சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவர்களின் நிலையை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

வெயிலும் அப்படியே. 1950-க்கும் 2018-க்கும் இடையில் கொல்கத்தாவின் வெப்பம் 2.6 டிகிரி ஏறியிருப்பதாக ஐக்கிய நாடுகளின் காலநிலைக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது. பல நகரங்களை ஒப்பிட்டதில் இதுவே மிகுதி. கட்டடங்கள் பெருகியதன் விளைவும் அதில் சேர்ந்ததுதான். இந்நாட்டில் குருதிக்கொடை முகாம்களைப் பெரும்பாலும் பாடா மன்றங்களே நடத்துகின்றன. பாடா என்றால் நம் தெருவும் பேட்டையும் போன்றது. வங்காளிகள் மாலையில் கூடிப் பேசும் ரக் நம் திண்ணைக்கு உடன்பிறப்பு. சித்திரை வைகாசி வெயில் கொளுத்தும்போது முகாம்கள் குறைகின்றன. குருதி வங்கிகள் வறள்கின்றன. கீமோ பெறுபவர்களுக்குத் தேவைப்படும் பிளேட்லெட் என்னும் தட்டணுக்களோ ஐந்து நாளுக்கு மேல் கெடாமல் இருப்பதில்லை. பொங்கலன்று கொடுத்ததைச் சேர்த்துவைத்து வைகாசியில் ஏற்ற முடியாது. வெயில் ஏறினால் குருதிப் புற்றுநோய்க் குழந்தைக்குத் தட்டணு கிடைக்காது: இவ்வளவு நேராக இருக்கிறது இந்த முடிச்சு.

ஆகவே நம் மன்றத்துக்கு நான் சொல்லும் யோசனை பெரிதன்று. ஆண்டுதோறும் பட்டிமன்றத்தில் உலகமெல்லாம் ஓருறவு என்று சங்கப் பாட்டைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். வாங்கட்டும், நானும் வாங்கியவன்தான். அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வைப்போம். அதில் முதற்பகுதி குருதிப் பிரிவுப் பட்டியல். பதினெட்டு வயது நிறைந்து, நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, நலமாக இருக்கும் எவரும் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. எல்லாரும் ஒரே நாளில் கொடுக்காமல், மார்ச் முதல் சூன் வரை வாரம் மூவர் என்று பிரித்துக்கொண்டால் வெயில் காலத்து வறட்சிக்குச் சிறிதாவது ஈடு கொடுக்கலாம்.

அடுத்த பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வங்கமொழி அறிந்தவர் பட்டியல். இந்நகரில் லேக் மார்க்கெட் பக்கத்தில் முதுமையில் தனித்து வாழும் தமிழர் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். பலருக்குக் கடைத்தெரு வங்காளம் தெரியும். நோயைச் சொல்லும் வங்காளம் வராது. வலி குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா என்று மருத்துவர் கேட்டால் தாய்மொழியில்தான் விடை வரும். அவர்களோடு ஒருவர் போய் உட்கார வேண்டும். மருத்துவம் படித்திருக்க வேண்டுவதில்லை. பொறுமையாகக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். அதே போல் வேலூருக்கும் சென்னைக்கும் புறப்படும் வங்கக் குடும்பங்களுக்கு, வழியையும் நாலு தமிழ்ச் சொற்களையும் எழுதிக் கொடுக்கலாம். வலி, தண்ணீர், எவ்வளவு, மெதுவாகச் சொல்லுங்கள். நாம் இந்நாட்டுக்கு வந்தபோது யாரோ நமக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது பகுதி, புயல் அடித்தால் போகத் தயாராக இருப்பவர்களின் பெயர். அடித்த மறுநாள் வாழைப்பழமும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு படம் பிடிக்கப் போவதை நான் சொல்லவில்லை. ஆரவாரம் அடங்கி, எல்லாரும் திரும்பிய பின்னர், மூன்றாம் மாதம் போக வேண்டும். உப்பேறிய குளத்தை இறைக்க ஆள் வேண்டியிருக்கும் காலம் அது. நம் மாணவர்களில் தோப்பிழந்த வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியிராது.

கடைசியாக, பெயர் எழுத விரும்பாதவர்களுக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறேன். வீட்டில் நோய், ஊரில் வெள்ளம், எனக்கே உடல் சரியில்லை, இரவில் தூக்கம் வரவில்லை: எதுவாயினும் சொல்லலாம். இருவராகச் சென்று பார்ப்போம், அறிவுரை கூறமாட்டோம். மனம் மிகவும் தளர்ந்திருந்தால் மருத்துவரிடம் உடன் அழைத்துப் போவோம்.

நோட்டுப் புத்தகம் மன்ற அறையின் மேசைமேல், பேனாவோடு, நூலில் கட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை அறை திறந்திருக்கும். முதல் வரியில் என் பெயரும், ஓ பாசிட்டிவ் என்பதும், ஏப்ரல் இரண்டாம் வாரம் என்பதும் எழுதியிருக்கிறேன். அந்த வாரத்துக்கு இன்னும் இருவர் வேண்டும்.